பூரானுக்கு ஒரு கோழி

வசந்தா தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டாள். விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தாள்.

குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் காணாத கதவைத் தள்ளினால் வருமே, அந்த மாதிரி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, இங்க வாங்க. உங்க கோழி இன்னா பண்ணிக்கினு இருக்குதுன்னு வந்து பாருங்க.”

ஒழுங்காக இருக்கும் நாட்களில் அது ‘நம்ம கோழி.’ வம்பு செய்தால் என்னுடைய கோழி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழியின் மூலையில், மிதிபலகைக்குப் பின்னால், பாக்கு நிறக் கோழி உடம்பைத் தட்டையாக விரித்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டது. இறக்கைக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து எண்ணினேன். தெரிந்த வரைக்கும் ஒன்பது முட்டை.

தறியில் ஒரு கல்யாணப் புடவை ஐந்து முழம் ஓடியிருந்தது. சந்தன வெள்ளை உடம்பு, ஜரிகை பார்டர். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

“எழுந்துடும். வெயில் ஏறினா பசிக்கும் இல்ல?” என்றேன்.

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முப்பத்திரண்டு வருட அனுபவம் உண்டு.

எதற்காகக் கோழி?

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக நான் புடவை விற்ற கதைகளையே சொல்லிவந்தேன். கூட்டுறவு சங்கத்தின் விற்பனைக் கூடத்தில் வெள்ளை மெத்தைமேல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் விரித்து விரித்துக் காட்டிய ஆள் நான். ‘ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். கோழி வளர்த்தேன் ஐயா. அதுதான் பதில்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், தெரு முழுக்கத் தறி ஓடும் ஒரு தெருவில் இருக்கிறது. நெய்கிறவள் வசந்தா. நான் விற்கத் தெரிந்தவன், நெய்யத் தெரியாதவன். சைவ வீடு. முட்டைகூட வாசற்படி தாண்டி வந்ததில்லை. என் மகன் கல்லூரி விடுதியில் ஆம்லெட் சாப்பிட்டதை வசந்தாவிடம் சொன்ன நாளில், அவனுக்குத் தனித் தட்டு வைத்தாள். தட்டை மறுபடி எங்கள் தட்டுகளோடு சேர்த்தாள், அவன் வேலைக்குப் போன பிறகு.

அப்படிப்பட்ட வீட்டுக்குக் கோழி எப்படி வந்தது? பூரானால் வந்தது.

குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். குழி இருட்டு. மழைக்காலத்தில் ஈரம். பூரானுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஒரு ஐப்பசியில் வசந்தாவின் கட்டைவிரலில் கடித்தது. கால் வீங்கி, நான்கு நாள் தரையில் ஊன்ற முடியவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று கணுக்காலில் ஏறியது, கடிப்பதற்குள் உதறிவிட்டாள். அதற்குப் பிறகு காலை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மருந்துப் பொடி தூவினால் பட்டில் கறை படியும், காலும் எரியும். மண்ணெண்ணெய் வாடை பட்டில் ஏறிவிடும். மஞ்சள் தூளைப் பூரான் மதிக்கவே இல்லை.

“கோழி வெச்சா பூரான் இருக்காதுன்னு சொல்றாங்க” என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன்.

வெகுநேரம் நெய்துகொண்டே இருந்தாள். பிறகு, “சமையக்கட்டுக்கு வரக் கூடாது” என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி

எனக்குத் தெரிந்து கோழியைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஸ்டெல்லா. எங்கள் சங்கத்துக்குப் பக்கத்துக் கட்டடம் கால்நடை மருந்தகம், அங்கே உதவியாளர். மாட்டுக்கு ஊசி போடும்போது மாட்டைப் பிடிப்பதிலிருந்து கோழிக்குச் சொட்டு மருந்து விடுவது வரை அவர்தான். இருபது வருடமாக ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில், பத்தரை மணிக்கு டீ குடித்தவர்கள் நாங்கள். ஊர் தென்னேரி. அம்மா அப்பா இருவரும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து அவரைப் படிக்க வைத்தவர்கள். ஸ்டெல்லா ஏரிக்கரைக்குப் பக்கத்தில் சொந்தமாக வீடு கட்டி, கொல்லையில் நாற்பது கோழி வளர்க்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன்.

“மொதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். முட்டைக்கா, கறிக்கா, குஞ்சு விக்கறதுக்கா? அதுக்கேத்த ஜாதிதான் எடுக்கணும்.”

“பூரானுக்கு.”

ஸ்டெல்லா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்மா வருஷம் சர்வீஸ், இத்த யாரும் கேட்டதில்ல சார்” என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஆர்வம் தொற்றிக்கொண்டது. கோழி என்றால் கோழி என்று நினைத்திருந்தேன். அதில் ஜாதி ஜாதியாக இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு தென்னேரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

சும்மா போகவில்லை. மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட ஊறுகாய் பாட்டிலில் நான்கு பூரானைப் பிடித்து எடுத்துப்போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, “என்னபா அது, லேகியமா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூரான் பரீட்சை

ஸ்டெல்லாவின் கொல்லையைப் பார்த்ததும் எனக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருடம் நிறத்தைக் காட்டியே பிழைத்தவன். கோழியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தேன். பாக்கு நிறம், எள்ளு நிறம், தேன் நிறம். ஒரு சேவல் நின்றது பாருங்கள், கழுத்து மாம்பழ மஞ்சள், முதுகு அரக்கு, வால் மயில் பச்சை. அந்தக் கலவையில் ஒரு புடவை விரித்தால் வாங்காமல் எழுந்து போகிற பெண் கிடையாது.

“அத்தப் பாக்காதீங்க சார். உங்களுக்குச் சேவல் வேணாம்” என்று ஸ்டெல்லா முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் எழுதிக்கொண்டேன். பண்ணையிலிருந்து வந்த பழுப்புக் கோழி: வருடத்தில் முக்கால்வாசி நாள் முட்டை, அடையே காக்காது, மூட்டைத் தீவனம் வேண்டும். வனராஜா: உருவம் பெரிது, சுவர் ஏறாது, கறிக்கு நல்லது. கருங்கோழி: அலகிலிருந்து நாக்கு வரைக்கும் கறுப்பு, விலைக்குத் தக்க வீம்பு. கின்னிக்கோழி: பாம்பைப் பார்த்தால்கூடக் கத்தி ஊரைக் கூட்டும், ஆனால் பாம்பு இல்லாதபோதும் அதே சத்தம்தான். கடைசியாகச் சிறுவிடை. நம் ஊர் நாட்டுக்கோழியில் சின்ன ஜாதி. முட்டை கொஞ்சம், உடம்பும் கொஞ்சம், கால் மட்டும் ஒரு நிமிடம் நிற்காது.

பாட்டிலைத் திறந்தேன்.

முதல் பூரானைப் பழுப்புக் கோழியின் முன்னால் விட்டோம். அது கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பூரான் நகர்ந்ததும் கோழி பின்வாங்கி, தீவனத் தொட்டிப் பக்கம் போய்விட்டது. வனராஜா தன் வழியில் நடந்தது, பூரான் அதன் இரண்டு காலுக்கும் நடுவே தப்பியது. கருங்கோழி ஒரு கொத்து கொத்திக் கீழே போட்டுவிட்டு யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வேலிப் பக்கத்திலிருந்து பாக்கு நிறச் சிறுவிடை ஒன்று ஓடிவந்தது. பூரானைத் தலைப்பக்கம் பிடித்து, தரையில் இரண்டு அறை அறைந்து, விழுங்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான்காவது பூரானை நான் கீழே விடவே இல்லை. பாட்டிலிலிருந்தே எடுத்துக்கொண்டது.

“இதுதான்” என்றேன்.

“புடிக்கும் சார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. வேட்டையாடற கோழி அடைக்கும் உக்காரும். பண்ணைக் கோழிக்கு ரெண்டும் மறந்துபோச்சு, இதுக்கு ரெண்டும் ஞாபகம் இருக்குது. தினம் முட்டைய எடுத்துடணும். ஒண்ணே ஒண்ணு விட்டு வெக்கலாம். கூட்டமாப் பாத்துச்சின்னா உக்காந்துடும், அப்பறம் எழுப்ப முடியாது.”

தலையாட்டினேன். பிறகு சேவலையும் கேட்டேன்.

“குஞ்சு வேணாம், கறி வேணாம். சேவல் இன்னாத்துக்கு சார்?”

“பார்க்கறதுக்கு” என்றேன். உண்மையும் அதுதான்.

காபி போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். பஸ் ஏறும்போதுதான் குடித்தேன் என்று சொன்னேன். பஸ் ஏறும்போது நான் எதுவும் குடிக்கவில்லை. இருபது வருடம் ஒரே கடையில் டீ குடித்தவன் அவர் வீட்டுக் காபிக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாராவது கேட்டால், பழக்கம் என்பதற்கு மேல் என்னிடம் பதில் கிடையாது. அது நல்ல பழக்கம் அல்ல என்பது அன்றைக்கே தெரியும்.

மூன்று சிறுவிடைக் கோழியும் அந்தச் சேவலும் கூடையில் வந்தன. ஸ்டெல்லா காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தயங்கித் தயங்கி வேறு ஒன்று கேட்டார்.

“எம்பொண்ணு ஜெனிக்கு தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. கடையில எடுக்காம அக்கா தறியிலயே ஒரு புடவை நெய்ஞ்சி வாங்கணும்னு ஆசை சார். எங்கம்மா உங்க ஊர்ப் பட்டுப் புடவையைக் கடை வாசல்ல நின்னு பாத்ததோட சரி. முழு விலையும் குடுத்துடறேன்.”

மாதா கோயிலில் மந்திரிப்புக்கு, அதாவது பாதிரியார் ஆசீர்வதித்துத் தாலி கட்டும் சடங்குக்கு, உடுத்தும் புடவை, வெள்ளையாக இருக்க வேண்டும். வசந்தா ஆசையோடு ஒப்புக்கொண்டாள். தறியில் பாவு நூல் ஏற்றும் அன்று அவளே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

முட்டையை யார் எடுப்பது?

கோழிகள் வந்த மறுநாளே தறிக்கூடத்துக்குள் விட்டோம். மூன்றும் குழிக்குள் குதித்து, மண்ணைக் கிளறி, மூலைமுடுக்கெல்லாம் தேடின. பதினைந்தே நாளில் வசந்தா கண்ணைத் திறந்துகொண்டு காலை உள்ளே விட ஆரம்பித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கோழியைக் கடன் கேட்டார்கள்.

முட்டைதான் தகராறு. கொல்லைக் கூண்டில் இருக்கும் முட்டையை நான் பழைய இடுக்கியால் எடுத்து, பையில் போட்டு, ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிடுவேன். கையால் தொட்டதில்லை. ஸ்டெல்லாவுக்கு இடுக்கி விஷயம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பாக்கு நிறக் கோழி மட்டும் கூண்டைவிடத் தறிக்குழியை விரும்பியது. அங்கே முட்டையிட்டால் அது என் எல்லைக்குள் வராது, தறிக்கூடம் வசந்தாவின் ராஜ்ஜியம். அவள் முட்டையைத் தொட மாட்டாள், நான் எடுப்பேன் என்று இருந்துவிட்டாள். அவள் எடுத்திருப்பாள் என்று நான் இருந்துவிட்டேன். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் இது நடந்திருக்குமா? அங்கே இரண்டாவது முட்டைக்கே அடுப்பில் கல் காய்ந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒன்பது சேர்ந்தது. சேவல் வேறு இருக்கிறது, பார்ப்பதற்கு.

பதினொரு நாள்

வெயில் ஏறியும் கோழி எழுந்திருக்கவில்லை. மதியம் பத்து நிமிடம் வெளியே வந்து, அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, மறுபடி குழிக்குள் போய்விட்டது.

“தூக்கி வெளிய வெச்சுடுங்க” என்றாள் வசந்தா.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியும் செவ்வாயும் வீட்டிலிருந்து ஒரு உயிரை இடம் மாற்றுவதில்லை. சனிக்கிழமை தூக்கப் போனேன், கையில் ஒரு கொத்து வாங்கினேன். ஞாயிறு என் மைத்துனர் வந்துவிட்டார். திங்கள் பிரதோஷம். செவ்வாய் செவ்வாய்தான்.

இதற்கு நடுவே நான் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஸ்டூல் போட்டுக் குழியோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். அது அலகால் முட்டைகளைப் புரட்டும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும், நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றும். வயிற்று இறகைத் தானே பிடுங்கி, வெறும் தோலின் சூடு முட்டைமேல் படும்படி உட்காரும். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஏழாவது நாள் மதியம், கோழி தின்னப் போயிருந்த நேரத்தில், ஒரு முட்டையைத் துண்டால் பிடித்து எடுத்து மொபைல் வெளிச்சத்தின்மேல் வைத்தேன். உள்ளே சிவப்பு நூல் பிரிந்து பிரிந்து ஓடியது. நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அது அசைந்தது.

வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே அது குஞ்சு பொரிக்கற வரைக்கும் நான் அந்தக் குழியில கால் வெக்க மாட்டேன். ஒரு உயிர மிதிச்சு நெய்யற புடவை எதுக்கு?”

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். தறியையே நிறுத்திவிட்டார்களாம், என்ன மனசு என்று சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்டெல்லா இரண்டு முறை போன் செய்தார். எத்தனை முழம் ஆச்சு சார் என்று கேட்டார். “ஓடிக்கினு இருக்குதும்மா” என்றேன். கோழியை எப்படி நகர்த்துவது என்று அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிட விஷயம். கேட்டால் தறி நின்றது தெரிந்துவிடும். அவர் சொன்ன புத்தியை நான் கேட்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

ஸ்டெல்லா வந்தார்

பதினொன்றாம் நாள் சாயங்காலம் அவரே வந்துவிட்டார். கையில் தாம்பாளத்துக்கு வாங்கிய பழம், கல்யாணப் பத்திரிகை. ரவிக்கை தைக்கிறவர் துணி கேட்கிறார், எப்போது கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். மந்திரிப்புக்கு இரண்டு வாரமே இருந்தது.

வசந்தா எழுந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா தறிக்கூடத்து வாசலுக்குப் போய்விட்டார். பாவின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஊடு நூல் ஓட்டும் நாடா ஓரமாகக் கிடந்தது. குழிக்குள்ளிருந்து அந்தக் கதவுச் சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

“எத்தினி நாளா?”

“பதினொண்ணு” என்றாள் வசந்தா. “உள்ள உயிர் இருக்குது ஸ்டெல்லா. கலைக்க மனசு வரல.”

ஸ்டெல்லா நிமிர்ந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“கோழிக்குப் பாவம் பாத்தீங்க. எம்பொண்ணுக்குப் பாக்கலியேக்கா.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது பெரிய கடைக்காரர் ஆர்டரா இருந்து, நாளைக்குக் கார்ல வந்து எடுத்துக்கினு போவாங்கன்னா, நீங்க பதினொரு நாள் பாத்துக்கினு இருந்திருப்பீங்களா?”

இருந்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையானால் என்ன, அன்றைக்கே சாக்கைப் போட்டுப் பிடித்துத் தூக்கியிருப்பேன். அப்போது கோழியின் பாவம் எங்களுக்கு நினைவுக்கே வந்திருக்காது. ஸ்டெல்லா நம் மனுஷிதானே, பொறுத்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். இருபது வருடமாக அவரை அப்படித்தான் வைத்திருந்தேன். இதை அன்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

“ஒரு கூடை குடுங்க. வைக்கோல் இருக்குதா?”

கூடையில் வைக்கோலைப் பரப்பி நடுவில் முழங்கையால் அழுத்திப் பள்ளம் செய்தார். செருப்பை எப்போதோ வாசலிலேயே விட்டிருந்தார். குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மட்டும் வசந்தாவைப் பார்த்து, “எறங்கலாமாக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

“எறங்கும்மா” என்றாள் வசந்தா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா புடவைத் தலைப்பைக் கோழியின் தலைமேல் மெதுவாகப் போட்டார். சத்தம் நின்றது. ஒரு கையை அடியில் விட்டுக் கோழியைத் தூக்கி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஒன்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினார். கடைசி மூன்றை வசந்தா வெறும் கையால் வாங்கி வைத்தாள். கூடையைச் சாமான் அறை இருட்டில் வைத்து, கோழியை அதன்மேல் விட்டு, ஒரு சாக்கால் மூடினோம். கோழி இரண்டு முறை சுற்றியது. அலகால் முட்டைகளைச் சரிசெய்தது. உட்கார்ந்துவிட்டது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிற்பாடு ஏழு குஞ்சு பொரித்தது, அது வேறு கதை.

கோடு

மறுநாள் விடிவதற்கு முன்னால் தறிச் சத்தம் கேட்டு விழித்தேன். வசந்தா அன்றிலிருந்து ஒன்பது நாள் இடுப்பு ஒடிய நெய்தாள். சமையலை நான் பார்த்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து எத்தனை முழம் என்று நானே சொன்னேன். “சரி சார்” என்பார். போனை வைத்துவிடுவார்.

பத்தாம் நாள் காலையில் புடவையைத் தறியிலிருந்து அறுத்தோம். ஸ்டெல்லா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். என் பழைய தொழிலின் பெருமையோடு விரித்துக் காட்டினேன். உண்மையிலேயே அழகான புடவை. ஸ்டெல்லாவின் முகத்தில் பத்து நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

அப்போது வசந்தா, “ஒண்ணு காட்டணும்மா” என்றாள்.

வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது முழத்தை ஜன்னல் பக்கம் பிடித்தாள். “தறி நின்ன எடம். நாளைக்கு எழுந்துடும், நாளைக்கு எழுந்துடும்னு பாவைத் தளர்த்தாமலே விட்டுட்டேன். பதினொரு நாள் இழுப்புலயே நின்னதால ஒரு கோடு விழுந்துடுச்சி. நீவிப் பாத்தேன், போகல. இந்த எடம் கொசுவத்துல வரும், யாருக்கும் தெரியாது. ஆனா உங்கிட்ட சொல்லாம குடுக்க என்னால ஆவாது. நீ வேணான்னு சொன்னாலும் சரிதான்.”

ஸ்டெல்லா துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்றார். வசந்தா அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, முடியளவு ஒரு கோடு. விரல் பட்டதும் ஸ்டெல்லாவின் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா.”

“தெரியும்.”

“இப்ப எனக்கும் தெரியுது” என்றார் ஸ்டெல்லா.

புடவையை மடித்து எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று, வாசலில் நின்று, முறையாக அழைத்துவிட்டுப் போனார்.

போனோம். மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெனி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து வந்தாள். அந்த வெள்ளை அவளுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது. பக்கத்தில் யாரோ, காஞ்சிபுரத்தில் தறியில் சொல்லி நெய்த புடவையாம் என்று சொன்னார்கள்.

கோயிலில் இருந்த அத்தனை பேரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற ஸ்டெல்லா கொசுவத்தைப் பார்த்தார். வசந்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.